ஜாய்ஸின் ‘எபிஃபனி’: கதையில் ஒன்றுமே நடக்காதபோது என்ன நடக்கிறது?

‘அராபி’ கதையை முதல்முறை படித்து முடித்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நூலகப் புத்தகம் என்பதால் தாள் ஏதும் கிழிந்துபோயிருக்குமோ என்று சந்தேகம். கிழியவில்லை. கதை அங்கேதான் முடிகிறது.

ஒரு பள்ளிக்கூடப் பையன். தெருவில் உடன் விளையாடும் நண்பனின் அக்கா மேல் அவனுக்குச் சொல்லத் தெரியாத ஒரு மயக்கம். ‘அராபி’ என்று ஒரு பொருட்காட்சி வந்திருக்கிறது, தன்னால் போக முடியாது என்கிறாள் அவள். நான் போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிடுகிறான். சனிக்கிழமை இரவு, காசு தர வேண்டிய மாமா நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருகிறார். ரயிலைப் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி பத்தாகப் பத்து நிமிடம். கிட்டத்தட்ட எல்லாக் கடைகளையும் மூடிவிட்டார்கள். திறந்திருக்கும் ஒரு கடையில் ஒரு பெண் இரண்டு இளைஞர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை, இல்லை நீ சொன்னாய் என்று ஏதோ அரட்டை. இவனைப் பார்த்துக் கடமைக்கு, ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறாள். ஒன்றும் வேண்டாம் என்கிறான். சட்டைப்பையில் சில்லறைக் காசுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. விளக்கை அணைக்கிறார்கள். பையன் இருட்டை அண்ணாந்து பார்க்கிறான். அவமானத்திலும் கோபத்திலும் கண்கள் எரிகின்றன.

அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பையன் இனி பழைய பையன் இல்லை. இதை எழுதிய அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், இப்படிப்பட்ட நொடிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: எபிஃபனி. ஜாய்ஸ் என்றதும் பலரும் ‘யுலிஸிஸ்’ நாவலை எடுத்து, முப்பது பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் வழி எளிதாகும் என்பது என் அனுபவம்.

எபிஃபனி என்பது கிரேக்கச் சொல். ‘வெளிப்படுதல்’, ‘தோன்றுதல்’ என்று பொருள். கிறிஸ்தவர்களுக்கு அது ஜனவரி 6ஆம் தேதி வரும் திருநாள். கத்தோலிக்கர்கள் தமிழில் அதைத் திருக்காட்சிப் பெருவிழா என்கிறார்கள். பேச்சு வழக்கில் மூன்று ராஜாக்கள் திருநாள். நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் ஒரு குழந்தையைக் காண்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் எந்த மாற்றமும் இல்லை. நேற்றும் அப்படித்தான் இருந்தது. வந்தவர்களின் கண்ணுக்கு அது யார் என்பது அன்றைக்குத் தெரிகிறது. திருக்காட்சி என்ற சொல் இவ்வளவு பொருத்தமாக நம் மொழியில் ஏற்கெனவே இருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஜாய்ஸ் செய்தது இதுதான்: பீடத்தில் இருந்த அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுபோய் டப்ளின் தெருவில் வைத்தார்.

அவருக்கு அந்தத் துணிச்சல் வந்ததற்கு அவர் வளர்ந்த விதம் காரணம். 1882 பிப்ரவரி 2 அன்று டப்ளினின் ரத்கார் பகுதியில் பிறந்தவர். அப்பா ஜான் ஜாய்ஸ் நல்ல பாடகர், நல்ல பேச்சுக்காரர், பெரிய குடிகாரர். வரி வசூலிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அது போனபின் குடும்பம் சரிந்துகொண்டே போனது. பிழைத்த பிள்ளைகள் மட்டும் பத்துப் பேர். வாடகை பாக்கிக்காக வீடு மாறி, வீடு மாறி, ஒவ்வொரு முறையும் முந்தைய வீட்டைவிட மோசமான வீடு. ஆனால் மூத்தவரான ஜேம்ஸ் ஆறு வயதிலேயே இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் சேர்க்கப்பட்டார், பிறகும் அவர்களிடமே படித்தார். இளைஞரானதும் திருச்சபையை விட்டு விலகினார். நம்பிக்கை போனது, சொற்கள் போகவில்லை. பூசையில் அப்பம் வேறொன்றாக மாறுவதைப் போல, அன்றாட வாழ்க்கை என்ற அப்பத்தை நிலைத்து நிற்கும் ஒன்றாக மாற்றுவதுதான் தன் வேலை என்று தம்பி ஸ்டானிஸ்லாஸிடம் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கருத்தை ஜாய்ஸ் விளக்கியது ‘ஸ்டீபன் ஹீரோ’ என்ற நாவலில். 1904இல் எழுதத் தொடங்கி, நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியபின் பாதியிலேயே விட்டுவிட்டார். அவர் இறந்தபின் 1944இல்தான் மிஞ்சிய பகுதி அச்சில் வந்தது. அதில் ஸ்டீபன் என்ற இளைஞன் ஒரு மாலை நேரத்தில் எக்கிள்ஸ் தெரு வழியாகப் போகிறான். செங்கல் வீடு ஒன்றின் வாசற்படியில் ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆமாம், கோயிலுக்குப் போயிருந்தேன் என்று அவள் இழுத்து இழுத்துச் சொல்கிறாள். அவன் ஏதோ முணுமுணுக்கிறான், காதில் விழவில்லை. நீங்கள் ரொம்ப மோசம் என்கிறாள். இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துண்டுப் பேச்சில் ஒரு ஊரின் பாசாங்கு முழுவதும் ஸ்டீபனுக்குத் தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட நொடிகளைச் சேகரித்து ஒரு புத்தகமாக்க வேண்டும் என்று அங்கேயே நினைக்கிறான். மட்டமான ஒரு பேச்சிலோ, ஒரு சைகையிலோ, மனதின் ஒரு நிலையிலோ உள்ளே இருப்பது திடீரென்று வெளிப்படுவதுதான் எபிஃபனி. கணத்தில் மறைந்துபோகும் அதை மிகுந்த கவனத்தோடு குறித்துவைப்பது எழுத்தாளனின் வேலை என்பது அவன் கொள்கை.

அப்புறம் நண்பன் கிரான்லியிடம் ஒரு கடிகாரத்தைக் காட்டுகிறான். டப்ளின் துறைமுக நிர்வாகத்துக்குச் சொந்தமான பாலஸ்ட் ஆபீஸ் கட்டடத்துக் கடிகாரம். இந்த வழியாக எத்தனையோ முறை போகிறேன், பார்க்கிறேன், அது தெருவில் கிடக்கும் சாமான்களில் ஒன்று. ஒருநாள் திடீரென்று பார்க்கும்போது அது எதுவோ அதுவாகவே தெரியும், அதுதான் எபிஃபனி என்கிறான். இடைக்காலக் கத்தோலிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ் அழகுக்குச் சொன்ன மூன்று இலக்கணங்களை இழுத்துப் பெரிய விளக்கம் கொடுக்கிறான். எல்லாம் முடிந்தபின் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறான்: இன்னும் வெளிப்படவில்லை. கருத்தின் முக்கியமான பாதி இந்த வரியில் இருக்கிறது. எபிஃபனியை வரவழைக்க முடியாது. அது வரும்போது விழித்திருக்க முடியும், அவ்வளவுதான்.

ஜாய்ஸ் உண்மையிலேயே அப்படி விழித்திருந்தார். இருபது வயதையொட்டிய ஆண்டுகளில் இப்படிப்பட்ட நொடிகளைத் தனித்தனித் தாள்களில் எழுதிவைத்தார். தாள்களின் பின்பக்கத்தில் உள்ள எண்கள் 71 வரை போகின்றன; இன்று நமக்குக் கிடைப்பவை 40. சில நாடகம் போல வெறும் உரையாடல், சில கனவு போல உரைநடை. அவற்றில் ஒன்றை என்னால் மறக்கவே முடியவில்லை.

ஜாய்ஸின் தம்பி ஜார்ஜுக்கு அப்போது பதினான்கு வயது. 1902இல் டைபாய்டு காய்ச்சலில் படுத்தவன் எழவில்லை. அந்தத் தாளில் இருப்பது இதுதான். மாலை நேரம், ஜாய்ஸ் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அம்மா முகம் சிவந்து, நடுங்கியபடி வாசலில் வந்து நிற்கிறார். ஜிம், உனக்கு உடம்பைப் பற்றி ஏதாவது தெரியுமா? ஜார்ஜியின் வயிற்றில் உள்ள ஓட்டையிலிருந்து ஏதோ வருகிறது, அப்படி வருமா, கேள்விப்பட்டிருக்கிறாயா? எனக்குத் தெரியவில்லையே என்கிறார் மகன். டாக்டரைக் கூப்பிடட்டுமா? தெரியவில்லை... எந்த ஓட்டை? நம் எல்லோருக்கும் இருக்குமே, இங்கே, என்று அம்மா சுட்டிக் காட்டுகிறார்.

முடிந்தது. அழுகை இல்லை, மரணம் பற்றிய வாசகம் இல்லை, ஜாய்ஸ் தன் துயரத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. தொப்புள் என்ற சொல் நாக்கில் வராத அளவு பதறிப்போன ஒரு தாய், என்ன செய்வதென்று தெரியாத படித்த மகன். ‘நம் எல்லோருக்கும் இருக்குமே’ என்ற அந்த ஒரு வாக்கியத்தில் தாய்க்கும் பிள்ளைக்குமான கொடியும் இருக்கிறது, சாவும் இருக்கிறது. அந்த அம்மா அப்படியெல்லாம் நினைத்துச் சொல்லவில்லை. சொன்னதில் அது தானாக வெளிப்பட்டது. ஜாய்ஸ் தனக்குப் பிறந்த மகனுக்குப் பின்னாளில் ஜார்ஜியோ என்று பெயர் வைத்தார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இன்று எபிஃபனி என்ற சொல்லை ‘ஞானோதயம்’ என்ற பொருளில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது, வாழ்க்கையை மாற்றிக்கொண்டேன் என்கிற மாதிரி. ஜாய்ஸின் எபிஃபனி அது இல்லை. ஞானோதயத்தில் ஒரு விடை கிடைக்கும். இங்கே விடை கிடைப்பதில்லை. நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. கடைசி வரித் திருப்பமும் இல்லை இது. திருப்பக் கதையில் ஆசிரியர் ஒளித்துவைத்த தகவல் ஒன்று கடைசியில் வெளியே வரும். ஜாய்ஸ் எதையும் ஒளித்துவைப்பதில்லை. எல்லாமே முதல் பக்கத்திலிருந்து நம் கண் முன்னால்தான் கிடக்கிறது, பாலஸ்ட் ஆபீஸ் கடிகாரத்தைப் போல.

இன்னொன்று, பார்ப்பவர் யார் என்பது கதைக்குக் கதை மாறும். ‘அராபி’யில் அந்தப் பையனே பார்க்கிறான். ‘ஈவ்லின்’ கதையில் பத்தொன்பது வயதுப் பெண், முரட்டு அப்பாவையும் தூசி படிந்த வீட்டையும் விட்டு, காதலனோடு புவனோஸ் அய்ரெஸுக்குக் கப்பலேறக் கிளம்புகிறாள். துறைமுகத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்தவள் கையை எடுக்கவில்லை. அவன் கூப்பிடுகிறான். அவள் முகத்தில் அன்பும் இல்லை, விடைகொடுப்பதும் இல்லை, அவனைத் தெரிந்த அடையாளமும் இல்லை. அவளுக்கு என்ன தெரிந்தது என்று நமக்குச் சொல்லப்படவே இல்லை. இந்தக் கதை 1904 செப்டம்பரில் ஒரு விவசாயப் பத்திரிகையில் வெளிவந்தது. அடுத்த மாதமே ஜாய்ஸும், அயர்லாந்தின் மேற்கிலுள்ள கால்வேயிலிருந்து வந்து டப்ளின் விடுதி ஒன்றில் பணிப்பெண்ணாக இருந்த நோரா பார்னகிளும் கப்பலேறி அயர்லாந்தை விட்டுப் போனார்கள், கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல். ஈவ்லினால் முடியாததை நோரா செய்துவிட்டார்.

‘களிமண்’ கதையில் நிலைமை தலைகீழ். மரியா என்ற வயதான, கல்யாணமாகாத, சிறிய உருவப் பெண்மணி. சலவைக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. தான் வளர்த்த பையன் ஜோவின் வீட்டுக்கு ஹாலோவீன் இரவில் போகிறாள். கண்ணைக் கட்டி, தட்டுகளில் உள்ளதைத் தொடும் விளையாட்டு. மோதிரம் என்றால் கல்யாணம், ஜெபப் புத்தகம் என்றால் கன்னிமடம். மரியாவின் விரல் மெத்தென்று ஈரமாக எதிலோ படுகிறது. திடீரென்று அறையில் பேச்சு நின்றுவிடுகிறது. தோட்டத்தைப் பற்றி யாரோ ஏதோ சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை வீட்டுக்காரி அதட்டுகிறாள், மறுபடி தொடச் சொல்கிறார்கள். இந்த முறை ஜெபப் புத்தகம். முதலில் தொட்டது களிமண், அதாவது சாவு. மரியாவுக்கு அது தெரியாது. கதையும் சொல்லவில்லை, தலைப்பு மட்டும்தான் சொல்கிறது. பிறகு ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். இரண்டாவது சரணத்தில் காதலர்கள் வர வேண்டும். மரியா மறந்துபோய் முதல் சரணத்தையே மறுபடி பாடுகிறாள். யாரும் அவளிடம் தப்பு என்று சொல்லவில்லை. ஜோவின் கண்கள் நிறைந்துவிடுகின்றன. அந்த அறையில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நாமும் பார்த்துவிட்டோம், மரியாவைத் தவிர. எபிஃபனி என்றால் பாத்திரம் திருந்துவது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் கொடுப்பேன்.

இந்தக் கதைகள் எல்லாம் இருக்கும் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் மொத்தம் 15 கதைகள். அது வெளிவந்த கதையே ஒரு துன்பம். 1906இல் ஏற்ற லண்டன் பதிப்பாளர், அச்சகக்காரர் பயந்ததும் பின்வாங்கினார். 1912இல் டப்ளினில் அச்சான தாள்களை அச்சகக்காரரே அழித்துவிட்டார். சில கொச்சைச் சொற்கள், உண்மையான கடைப் பெயர்கள், மன்னரைப் பற்றிய ஒரு பேச்சு, இவைதான் பிரச்சினை. அந்த ஆண்டு ஊருக்கு வந்து திரும்பிப் போன ஜாய்ஸ் அப்புறம் அயர்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. முதலில் பின்வாங்கிய அதே லண்டன் பதிப்பாளர் 1914இல் புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

தொகுப்பின் கடைசிக் கதை ‘இறந்தவர்கள்’. 1907இல், இத்தாலிய மொழி பேசும் டிரியெஸ்ட் நகரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், இருபத்தைந்தே வயதில் எழுதினார். அதன் கடைசிப் பக்கத்துக்காகவே ஆங்கிலம் படித்தது வீண்போகவில்லை என்று நான் நினைப்பதுண்டு.

வயதான இரண்டு சகோதரிகளின் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் விருந்து. அவர்களின் அக்கா மகன் கேப்ரியல், மனைவி கிரெட்டாவோடு வருகிறான். வாத்து வெட்டிப் பரிமாறுகிறான், சொற்பொழிவு ஆற்றுகிறான், தன் மதிப்பைப் பற்றியே கவலைப்படுகிறான். கிளம்பும் நேரம் மாடியில் யாரோ ஒரு பழைய பாட்டைப் பாடுகிறார்கள். கிரெட்டா படிக்கட்டில் நின்று கேட்கிறாள். இருட்டில் நிற்கும் மனைவியைக் கீழிருந்து பார்க்கும் கேப்ரியலுக்கு ஆசை பொங்குகிறது. விடுதி அறைக்குப் போனதும் அவள் அழுகிறாள். கால்வேயில் ஒரு பையன், மைக்கேல் ஃப்யூரி, அந்தப் பாட்டைப் பாடுவான். பதினேழு வயதிலேயே செத்துப்போனான். உடம்பு சரியில்லாதவன், அவள் ஊரைவிட்டுப் போகும் முன்னிரவு மழையில் வந்து தோட்டத்தில் நின்றான். எனக்காகத்தான் செத்தான் என்று நினைக்கிறேன் என்கிறாள். அழுது அழுது தூங்கிப்போகிறாள்.

கேப்ரியல் அவள் பக்கத்தில் விழித்துக் கிடக்கிறான். இத்தனை வருடம் உடன் வாழ்ந்தவளின் மனதில் தான் எவ்வளவு சின்ன இடம் என்று தெரிகிறது. அப்படி ஒரு காதலைத் தான் எந்தப் பெண்ணிடமும் உணர்ந்ததில்லை என்பதும் தெரிகிறது. ஆச்சரியம் என்னவென்றால், கோபம் வரவில்லை. கண்ணீர் வருகிறது. வெளியே பனி பெய்கிறது. அயர்லாந்து முழுக்கப் பனி என்று பத்திரிகையில் போட்டிருந்தது சரிதான் என்று நினைக்கிறான். இந்த வாக்கியம் நாம் ஏற்கெனவே கேட்டது! விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அந்த வீட்டுப் பெண் மேரி ஜேன் சாதாரணமாகச் சொன்ன வானிலைச் செய்தி அது. அப்போது நாம் கவனிக்கவில்லை. இப்போது அதே வரி உயிரோடு இருப்பவர்கள் மேலும் இறந்தவர்கள் மேலும் ஒன்றுபோல விழுகிறது. செய்தி மாறவில்லை, கேப்ரியல் மாறிவிட்டான், நாமும்தான். எபிஃபனியைக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மைக்கேல் ஃப்யூரிக்குப் பின்னால் உண்மையான ஒருவர் இருக்கிறார். நோராவின் இளமையில் அவரை விரும்பிய மைக்கேல் பாட்கின் என்ற கால்வே இளைஞர், காசநோயில் இறந்தவர். நோரா சொல்லக் கேட்டுத்தான் ஜாய்ஸ் எழுதினார். தன் பொறாமையிலிருந்து இப்படியொரு கதையை எடுத்தார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. 1912இல் கால்வேக்குப் போய், ரஹூன் இடுகாட்டில் பாட்கினின் கல்லறையையும் பார்த்து வந்தார்.

அப்புறம் வந்ததுதான் ‘யுலிஸிஸ்’. 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளன்று, பாரிஸில் புத்தகக்கடை நடத்திய சில்வியா பீச் வெளியிட்டார். கதை நடப்பது 1904 ஜூன் 16, ஒரே நாள். ஜாய்ஸும் நோராவும் முதன்முதலில் சேர்ந்து நடக்கப்போன நாள். கதாநாயகன் லியோபோல்ட் புளூம் குடியிருப்பது எக்கிள்ஸ் தெருவில், 7ஆம் எண் வீட்டில். ஆமாம், ஸ்டீபன் அந்தத் துண்டுப் பேச்சைக் கேட்ட அதே தெரு. இளைஞராக இருந்தபோது அபூர்வமான நொடிகளுக்காகக் காத்திருந்தவர், இப்போது அந்தக் காத்திருப்பைக் கைவிட்டுவிட்டார். புளூம் காலை உணவுக்குப் பன்றிச் சிறுநீரகத்தை வறுப்பது, பூனையோடு பேசுவது, சவ ஊர்வலத்தில் வண்டியில் உட்கார்ந்து நினைப்பது என எல்லா நொடிக்கும் அதே கவனம் கிடைக்கிறது. மனதில் ஓடும் நினைப்புகளை ஓடுகிறபடியே எழுதுவதை நம் விமர்சகர்கள் நனவோடை என்பார்கள்; அந்த உத்தியை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்: ஒரு நாள் முழுவதும் விழித்திருக்கும் முயற்சி. ஆகவே புதிதாகப் படிக்க வருபவர்கள் ‘அராபி’, ‘ஈவ்லின்’, ‘களிமண்’, ‘இறந்தவர்கள்’ என்ற வரிசையில் போய்விட்டு ‘யுலிஸிஸ்’ பக்கம் வாருங்கள். அவசரமே இல்லை.

‘யுலிஸிஸ்’ நாவலிலும் ஸ்டீபன் வருகிறான். கடற்கரையில் தனியாக நடக்கும்போது பழைய ஞாபகம் ஒன்று வந்து வெட்கப்படுகிறான். பச்சைத் தாள்களில் எபிஃபனிகள் எழுதினாயே, நீ செத்தால் உலகத்தின் பெரிய நூலகங்களுக்கெல்லாம் பிரதி அனுப்பவேண்டும் என்று நினைத்தாயே, அலெக்சாண்டிரியா உட்பட, என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். அலெக்சாண்டிரியா நூலகம் அழிந்து எத்தனையோ நூற்றாண்டு. ஜாய்ஸ் 1941 ஜனவரி 13 அன்று சூரிச்சில் இறந்தார். அவர் தன் கையால் எழுதிய எபிஃபனித் தாள்களில் 22 அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. தம்பி ஸ்டானிஸ்லாஸ் பார்த்து எழுதிவைத்த பிரதிகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில்.